ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம்: எம்.ஏ. எகனாமிக்ஸ் போக நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் செய்கிற தவறுகள்

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். அதற்கு முந்தின வாரம் ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் வலை ஏற்றுவதும் ஐஸ் உடைப்பதுமாக ஒரே இரைச்சல். சரியாக அந்த வாரத்தில்தான் எனக்கும் போன் வரத் தொடங்கும். "அக்கா, தங்கச்சி பி.ஏ. முடிச்சிட்டா. டெல்லி, மெட்ராஸ்னு நல்ல எடமா எம்.ஏ. எகனாமிக்ஸ் சேக்கணும். எங்க ஃபாரம் போடலாம்?" கேட்பது பெரும்பாலும் அண்ணன், இல்லையென்றால் தாய்மாமா. பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது போனிலேயே தெரியும். "அடுத்த வருசம் போடலாம்ப்பா" என்று சொல்லும்போது அந்தப் பக்கம் விழுகிற அமைதி இருக்கிறதே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுவே. ரிசல்ட் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கு மூன்றாம் வருடம் செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பிக்க வேண்டும்; தேர்வு பிப்ரவரியில். அதில் எகனாமிக்ஸ் தாள் வந்ததே 2021இல்தான் என்பதால் ஊரில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜே.என்.யு. போன்ற இடங்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வு, அதற்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம், மார்ச்சில் தேர்வு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எகனாமிக்ஸைக் கணக்கோடு சொல்லித்தரும் முதுநிலைப் படிப்பான எம்.எஸ்.க்யூ.இ.க்கு மார்ச்சை ஒட்டி விண்ணப்பம், மே மாதத்தில் தேர்வு. கல்விக் கட்டணமே வாங்காமல் மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கிற படிப்பு அது. தேதிகள் வருடத்துக்கு வருடம் முன்னே பின்னே நகரும். ஆனால் ஜூன் வரைக்கும் காத்திருப்பது அரிது.

ஜூனில் திறந்திருப்பவை அரசு கலைக் கல்லூரிகளும் மாநிலப் பல்கலைக்கழகத் துறைகளும். காரைக்குடியிலோ மதுரையிலோ எம்.ஏ. படிப்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை. எல்லாக் கதவையும் பார்த்துவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தீர்களா, மற்றவை மூடிய பிறகு அது மட்டும் மிஞ்சியதா என்பதுதான் வித்தியாசம்.

அடுத்தது கணக்கு. "எகனாமிக்ஸ்ல கணக்கு இருக்குமாக்கா?" என்று கேட்கும் குரலில் 'இல்லை' என்று சொல்லிவிடுங்களேன் என்கிற கெஞ்சல் இருக்கும். இருக்கும் என்பது போதாது. எம்.ஏ. எகனாமிக்ஸின் நல்ல இடங்களில் கணக்குதான் பேச்சுமொழி. பி.ஏ.வில் நன்றாக எழுதி 85 சதவீதம் வாங்கிய பிள்ளைகள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். அதுவரை வாங்கிய மார்க் வேறு ஒரு திறமைக்குக் கிடைத்தது.

ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பி.ஏ. தேர்வில் "தேவை நெகிழ்ச்சியின் வகைகளை விளக்குக" என்று வரும். விலை ஒரு சதவீதம் மாறினால் விற்பனை எத்தனை சதவீதம் மாறும் என்பதுதான் நெகிழ்ச்சி. ஐந்து வகை, ஐந்து படம், பத்து மார்க். நுழைவுத் தேர்வில் அதே விஷயம் இப்படி வரும்: ஒரு சந்தையில் விலை சுழியாக இருந்தால் 120 கிலோ போகும், விலை ஒரு ரூபாய் ஏற ஏற 2 கிலோ குறையும். விலை 20 ரூபாயாக இருக்கும்போது நெகிழ்ச்சி எவ்வளவு? வருவாய் உச்சத்தைத் தொடும் விலை எது? 20 ரூபாயில் விற்பது 80 கிலோ. சரிவு 2, அதை 20ஆல் பெருக்கி 80ஆல் வகுத்தால் 0.5. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் விலையை ஏற்றினால் வருவாய் கூடும். 30 ரூபாயில் 60 கிலோ, 1,800 ரூபாய். அங்கே நெகிழ்ச்சி சரியாக 1, அதற்கு மேல் ஏற்றினால் இறங்கும். தங்கச்சிமடம் மார்க்கெட்டில் நண்டு விற்கிற பாட்டிக்கு இந்த 30 ரூபாய் எங்கே இருக்கிறது என்று கையிலேயே தெரியும். நமக்கு அதை வகைக்கெழு எடுத்துக் காட்டத் தெரிய வேண்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள்.

இதற்காக மதுரையில் கோச்சிங் சேர்த்து ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால், நம் சமச்சீர் பாடத்திட்டத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதமும் புள்ளியியலும் புத்தகங்களை எடுங்கள். தமிழிலேயே இருக்கின்றன, இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அணிகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகை நுண்கணிதம், நிகழ்தகவுப் பரவல்கள், ஒட்டுறவு எல்லாம் அதில் உண்டு. நெகிழ்ச்சியும் இறுதிநிலைச் செலவும் பதினொன்றிலேயே வகைக்கெழுவோடு வந்துவிடுகின்றன. பி.ஏ. முதலாம் ஆண்டில் தொடங்கி நாளுக்கு ஐந்து கணக்கு போட்டால், மூன்றாம் வருடம் பழைய வினாத்தாள்களைக் கையிலெடுக்கும்போது கை நடுங்காது. கூடவே பொதுக் கணிதப் புத்தகத்திலிருந்து எல்லைகள், பெருமம், சிறுமம். பிளஸ் டூவில் கணிதமே எடுக்காதவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சில நிறுவனங்கள் பள்ளியிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்ததா என்பதைத் தகுதியாகவே வைத்திருக்கின்றன. விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு அந்த வரியைப் படித்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஒரு சின்ன வேலை. இந்தத் தேர்வுகள் எதுவும் தமிழில் இல்லை. ஒரு நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்து, இந்தப் பக்கம் வகைக்கெழு, அந்தப் பக்கம் டெரிவேட்டிவ். இந்தப் பக்கம் அணி, அந்தப் பக்கம் மேட்ரிக்ஸ். இறுதிநிலை என்றால் மார்ஜினல் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். நான் முதல் வருடம் முழுக்க 'வேரியன்ஸ்' என்றால் ஏதோ புது சமாச்சாரம் என்று பயந்துகொண்டிருந்தேன். பன்னிரண்டில் நான் போட்ட பரவற்படிதான் அது.

தேர்வு அறையில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லாமல் போனால் எகனாமிக்ஸ் படித்ததற்கே அர்த்தமில்லை. மைனஸ் மார்க் என்றதும் நம் பிள்ளைகள் பயந்து கேள்விகளைக் காலியாக விட்டு வருகிறார்கள். சி.யு.இ.டி.யில் 75 கேள்வி. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலே சராசரியாகக் கால் மார்க் கையில் நிற்கும். ஒரு விடை நிச்சயமாகத் தப்பு என்று கழித்துவிட்டால் அதுவே மூன்றில் இரண்டு மார்க். ஜாமில் கதை வேறு: ஒரு மார்க் கேள்விக்கு மைனஸ் மூன்றில் ஒன்று. குருட்டாம்போக்கில் தொட்டால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையைக் கழிக்க முடிந்தால் மட்டும் தொடலாம். எண்ணை நாமே கணக்கிட்டு எழுதும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்விகளுக்கும் ஜாமில் மைனஸே கிடையாது. அவற்றைக் காலியாக விடுவது கிடைக்கிற மீனைக் கடலில் திருப்பி விடுவது மாதிரி.

இனி சான்றிதழ். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எனக்குச் சாதிச் சான்றிதழ் அட்டை பள்ளிக் காலத்திலேயே வாங்கி, லேமினேஷன் போட்டு, அப்பா அதைப் பணப்பெட்டிக்குள் வைத்திருந்தார். அது இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று அதைத்தான் எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். சான்றிதழ் சரிபார்க்கிற மேசையில் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மாநிலத்துக்கு. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் எங்கே?" என்றார். பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த அடுக்கைச் சேராதவர் என்பதற்கான சான்று அது. என்னிடம் இல்லை. பொதுப் பட்டியலில் வைத்தார்கள். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் இடம் கிடைத்தபோது விடுதி நிரம்பிவிட்டது. ஒரு வருடம் வெளியே வாடகை கட்டினேன். தப்பு அந்த மேசையில் இருந்தவருடையது அல்ல. அறிவிப்பில் தெளிவாக எழுதியிருந்ததை நான்தான் படிக்கவில்லை.

அதனால் அழுத்திச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் பி.சி., பி.சி. முஸ்லிம், எம்.பி.சி. என்று தனித்தனியாக இருக்கிறது. மத்திய அரசு நிறுவனங்களில் அந்தப் பிரிவுகள் கிடையாது, ஓ.பி.சி. என்று ஒன்றுதான், 27 சதவீதம். முதலில் உங்கள் சமூகம் தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அதில் இருக்காது. அப்புறம் இ-சேவை மையத்தில் அதற்கென்று தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம், ஆனால் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் "எங்கப்பா வாத்தியார், எங்களுக்குக் கிடைக்காது" என்று தாங்களாகவே விலகிக்கொண்டவர்கள் உண்டு. பெற்றோரின் பதவியை வைத்தும் விதி இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் அந்த வருடம் ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய சான்றிதழ்தான் கேட்பார்கள். ஆக, விண்ணப்பிக்கும்போது ஒன்று, சேரும்போது புதிதாக ஒன்று என்று இரண்டு தடவை தாலுகா ஆபீஸ் ஏற மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பமும் நம் பக்கம் அதிகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. அண்ணன் போனில் இருந்து, பிரவுசிங் சென்டர்க்காரரின் மின்னஞ்சலைக் கொடுத்து ஃபாரம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓ.டி.பி. வரும்போது அந்தக் கடை பூட்டியிருக்கும். பெயர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும்; மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதாக இருக்கட்டும்.

எதற்காகப் படிக்கிறோம் என்று முடிவு செய்யாமல் சேர்வதும் தவறுதான், ஆனால் இருபது வயதில் அதெல்லாம் தெளிவாகத் தெரிந்தால்தான் ஆச்சரியம். வேலை மனதில் இருந்தால் மட்டும் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத எகனாமிக்ஸ், அப்ளைடு எகனாமிக்ஸ், பிசினஸ் எகனாமிக்ஸ், எகனாமெட்ரிக்ஸ் இவற்றில் ஒன்றில் முதுநிலை வேண்டும், வயது 21 முதல் 30 வரை. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியராகப் போக நினைத்தால் எம்.ஏ.வோடு பி.எட். வேண்டும், பட்டத்தின் பெயர் வெறும் 'எகனாமிக்ஸ்' என்று இல்லாமல் வேறு மாதிரி இருந்தால், அதுவும் எகனாமிக்ஸுக்குச் சமம்தான் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேருவதற்கு முன்பே பாருங்கள்.

வெளிநாடு பற்றி இரண்டே வரி. "எந்த பரீட்சையும் வேணாம், நாங்க சேர்த்து விடுறோம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள். ஜெர்மனியில் பல அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் 2022 நவம்பரிலிருந்து, நம் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்று வேண்டும், ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். அந்தப் பணத்துக்காகப் படகை அடகு வைப்பதற்கு முன் இந்தியாவிலேயே கட்டணமில்லாத இடங்களை ஒரு முறை எழுதிப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு செய்யும் தவறுகளில் முதலாவது, ஒளிந்துகொள்வது. என் முதல் மைக்ரோ இடைத்தேர்வில் 40க்கு 11 வாங்கினேன். பக்கத்தில் இருந்தவள் டெல்லியில் கணிதத்தில் பட்டம் முடித்தவள், அவளுக்கு 34. அன்றிலிருந்து ஒரு மாதம் ட்யூட்டோரியல் வகுப்புக்கே போகவில்லை. கேள்வி கேட்டால் ஊரும் பேரும் வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். நூலகத்தில் உட்கார்ந்து குறிப்புகளை மனப்பாடம் செய்தேன். எம்.ஏ.வில் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை என்பது இரண்டாவது தேர்வில்தான் உறைத்தது. வாரா வாரம் கொடுக்கிற கணக்குத் தாளைத் தனியாக முட்டிப் பார்த்துவிட்டு, பிறகு நாலு பேரோடு உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்ப்பதுதான் படிப்பு. வகுப்பு அதற்கு முன்னுரை.

லாக்ராஞ்சு பெருக்கி என்று ஒன்று வரும். இரண்டு மாதம் அதைக் கிரேக்க எழுத்தாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விடுமுறையில் மேஜையைச் சுத்தி எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா, "இன்னொரு கேன் டீசல் இருந்திருந்தா அந்தப் பக்கம் போயிருக்கலாம், இன்னும் ரெண்டு கூடை கெடச்சிருக்கும்" என்றார். அதுதான் அது. கட்டிப் போட்டிருக்கும் வரம்பை ஓர் அலகு தளர்த்தினால் கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு என்பதற்குப் பெயர். அப்பாவின் இரண்டு கூடைதான் என் புத்தகத்தின் லாம்டா.

கடைசியாக ஆய்வேடு. இதில்தான் எனக்கு உண்மையான ஆதங்கம். ஊர்ப் பிள்ளைகள் எழுதும் ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் ஒரே தலைப்புதான்: 'ராமநாதபுரம் மாவட்ட மீனவர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு'. நூற்றிருபது பேரிடம் வினாப்பட்டியல், எத்தனை பேர் ஓட்டு வீடு, எத்தனை பேர் கான்கிரீட் வீடு, சதவீத அட்டவணை, கடைசியில் 'அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்'. மீனவர் ஏழை என்று கண்டுபிடிக்க எம்.ஏ. எதற்கு? அதில் கேள்வியே இல்லை. நிதி ஆயோக் 2018இல் தமிழ்நாட்டிலிருந்து முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று எடுத்தது இரண்டு, விருதுநகரும் நம்முடையதும். அந்த ஒரு வரியோடு முன்னுரை முடிந்திருக்க வேண்டும், ஆய்வே முடிந்துவிடுகிறது.

இன்னொரு வகை, ஊரையே மறந்துவிடுவது. டெல்லிக்குப் போனதும் பணவீக்கமும் அந்நிய முதலீடும்தான் எகனாமிக்ஸ் என்று ஆகிவிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களை அனுப்பியது அவரவர் கிராமங்களுக்குத்தான். அவர்கள் எடுத்த கணக்கில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த வடமலாபுரமும் ஒன்று. அந்தக் கிராமங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய், பல பத்தாண்டுகள் கழித்தும் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள்.

நம் கரையில் கேள்விக்கா பஞ்சம்? பாம்பனில் விடிகாலை ஏலத்தைப் பாருங்கள். ஒரே அளவு நண்டு, ஒரே கூடை. ஒருவர் ஏலத்தில் விடுகிறார். இன்னொருவர் ஏலத்துக்கே வராமல், முன்பணம் வாங்கிய நண்டு கம்பெனிக்கு நேராகப் போட்டுவிட்டுப் போகிறார், கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்து. வட்டி என்று எந்தக் காகிதத்திலும் கிடையாது. வட்டி அந்தக் குறைச்சலுக்குள் இருக்கிறது. எவ்வளவு சதவீத வட்டி அது? இது கேள்வி. உடனே அதற்குள் ஒரு கண்ணி: முன்பணம் வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் விலையை ஒப்பிட்டுக் கழித்துவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். ஆனால் முன்பணம் வாங்குகிறவர் வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகு வைத்திருப்பவராக, ஐஸ் வாங்க முடியாதவராக, மீன் தளர்ந்துபோய்க் கரைக்கு வருகிறவராக இருக்கலாம். அப்போது விலை குறைந்தது கடனாலா, மீனாலா? இதைப் பிரித்துக் காட்டத்தான் எகனாமெட்ரிக்ஸ். வகுப்பில் 'தேர்வுச் சார்பு' (செலக்சன் பயஸ்) என்று பலகையில் எழுதிப்போடுவது இதைத்தான்.

தரவு இல்லை என்று சொல்லாதீர்கள். 1947இல் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் மண்டபத்திலேயே இருக்கிறது. அவர்கள் ஆண்டாண்டாக மீன் வரத்தைக் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். தொழிலாளர் கணக்கெடுப்பின் குடும்ப அளவிலான தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். அதைப் பிரித்துப் படிக்க ஆர் என்ற மென்பொருள் இலவசம். அதை இரண்டாம் வருடம் கடைசி மாதத்தில் கற்றுக்கொள்ளத் தொடங்குவதும் இந்தத் தவறுகளின் பட்டியலில் உண்டு.

தடைக்காலத்தையே எடுங்களேன். கிழக்குக் கரையில் விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுகள் இரண்டு பக்கமும் போகலாம். விசைப்படகு நின்றால் நாட்டுப்படகு மீனுக்கு விலை ஏறுகிறது என்று எல்லாரும் சொல்வார்கள். எவ்வளவு ஏறுகிறது, அதில் எவ்வளவு வெயில் கால விலை, எவ்வளவு தடையால் வந்த விலை என்று கேட்டால் பதில் வராது. பாம்பனில் தடை இருந்து மேற்குக் கரைக் குளச்சலில் இல்லாத ஆறேழு வாரம். இரண்டிலும் தடை இருக்கிற இரண்டு வாரம். குளச்சலில் மட்டும் இருக்கிற ஆறேழு வாரம். இதைவிட அழகாக ஒரு பரிசோதனையை யாரும் நமக்கு அமைத்துத் தர மாட்டார்கள். வேண்டியதெல்லாம் ஏப்ரல் முதல் வாரமே தொடங்கி, இரண்டு ஊரிலும் தினமும் ஒரே நேரத்துக்கு, நாலு வகை மீனின் ஏல விலையை நோட்டில் எழுத இரண்டு பேர். பாம்பனுக்கு ஆள் நான் பார்த்துத் தருகிறேன்.